யார் வீட்டுத் தரை?

"இது என்ன ரோமாபுரி மொசைக்கா, பொத்திப் பொத்தி வெச்சுக்க?"

கேட்டவன் என் நண்பன். கேட்கப்பட்டவர் அவன் அம்மா. இடம், தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி. சுப்பிரமணிய சிவா 1925-ல் கண்ணை மூடிய ஊர் என்று படித்திருப்பீர்கள். நான் போனது அவர் நினைவிடத்துக்கு இல்லை. ஒரு பஞ்சாயத்துக்கு.

நண்பனும் நானும் பி.காம். வகுப்பில் ஒரே பெஞ்ச். அவன் அப்பா 1978-ல் கட்டின வீடு அது. ஹாலில் மொசைக் தரை. வெள்ளை சிமென்ட்டில் கறுப்பும் பச்சையுமாக மார்பிள் சில்லு கலந்து, கண்ணாடிப் பட்டி வைத்துக் கட்டம் பிரித்து, நட்டநடுவில் எட்டு இதழோடு ஒரு பூ. சேலத்திலிருந்து ஆள் வந்து பத்து நாள் தங்கி, மெஷின் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்துப் பளபளப்பாக்கினார்களாம். இப்போது அங்கங்கே விரிசல். அடுப்படி வாசலில் எந்தப் புண்ணியவானோ சாம்பல் சிமென்ட்டை அப்பி வைத்திருக்கிறார். பட்டு வேட்டியில் சாக்குத்துணி ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது. மொத்தத்தையும் உடைத்துவிட்டு டைல்ஸ் போடலாம் என்கிறான் மகன். முடியாது என்கிறார் அம்மா. "நீ பேப்பர்ல எழுதறவன். நாலு விஷயம் தெரிஞ்சவன். வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ தம்பி" என்று எனக்கு போன்.

நாலு விஷயம் தெரியுமா என்பது வேறு கதை. ஆனால், நண்பன் கேட்டானே ஒரு கேள்வி, அது என்னை விடவில்லை. ஏனென்றால், 'ரோமாபுரி மொசைக்' என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அது ரோமாபுரியுடையதுதானா என்பதே ஒரு பெரிய பஞ்சாயத்து. அதில் இரண்டு கட்சி, மூன்று கட்சி எல்லாம் உண்டு.

கொஞ்சம் பின்னால் போவோம். கிரீஸின் வடக்கே பெல்லா என்று ஓர் ஊர். அலெக்ஸாண்டர் பிறந்த தலைநகரம். அங்கே கி.மு. 4-ம் நூற்றாண்டிலேயே ஆற்றுக் கூழாங்கல்லைப் பொறுக்கி, நிறம் பார்த்துப் பதித்து, சிங்க வேட்டையும் மான் வேட்டையுமாகத் தரை போட்டிருக்கிறார்கள். அப்புறம் கல்லைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிப் பதிக்கிற வித்தை வந்தது. ரோமானியர்கள் அதை எடுத்துக்கொண்டு வடக்கே பிரிட்டன் வரைக்கும், தெற்கே ஆப்பிரிக்கா வரைக்கும் கொண்டு போனார்கள். ஆக, வித்தை கிரேக்கம், விநியோகம் ரோம் என்று சொல்லி முடித்துவிடலாம் போலத் தோன்றும். முடியாது.

பாம்பே நகரத்தில், எரிமலைச் சாம்பலுக்கு அடியிலிருந்து 1831-ல் தோண்டி எடுத்த ஒரு தரை இருக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேல் சின்னக் கற்கள். அலெக்ஸாண்டர் குதிரைமேல் பாய்கிறான், பாரசீக அரசன் தேரில் மிரண்டு திரும்புகிறான். படத்தில் இருப்பவன் கிரேக்கர்களின் நாயகன். மூல ஓவியமும் கிரேக்க ஓவியம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். வீடு இத்தாலியில். மிதித்து நடந்தவர்கள் இத்தாலிக்காரர்கள். இதை நீங்கள் எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

இதைவிடச் சிக்கலான கேஸ் ஒன்று இருக்கிறது. துருக்கியில், யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் ஸூக்மா. இந்த ஊரை ஆரம்பித்தவன் செலூக்கஸ் நிகேட்டர், கி.மு. 300 வாக்கில். பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஆமாம், நம் சந்திரகுப்த மௌரியனிடம் 500 யானைகளை வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போனானே, அதே ஆள். கிரேக்கன் ஆரம்பித்த ஊர், பிறகு ரோமின் ஆதிக்கத்துக்குள் போனது. ரோமப் படை முகாம் போட்டது. வியாபாரிகள் பெரிய பெரிய வீடுகள் கட்டினார்கள். கி.பி. 253 வாக்கில் பாரசீகப் படை வந்து கொளுத்திவிட்டுப் போக, இடிபாட்டுக்கு அடியில் தரைகள் பத்திரமாகத் தூங்கின.

2000-ம் வருஷம் பிரெசிக் அணை கட்டித் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. ஊரே மூழ்கப் போகிறது. நாள் கணக்குப் பார்த்துத் தோண்டினார்கள். அமெரிக்காவின் பக்கார்ட் அறக்கட்டளை 50 லட்சம் டாலர் கொடுத்தது. எடுக்க முடிந்ததை எடுத்தார்கள், எடுக்க முடியாததை மூடிப் பாதுகாத்துவிட்டுத் தண்ணீருக்கு விட்டார்கள். எடுத்தவற்றை வைக்க, காஸியான்டெப் நகரத்தில் 2011-ல் தனி மியூஸியமே திறந்தார்கள்.

அந்தத் தரைகளில் போஸிடான் இருக்கிறான், அக்கிலீஸ் இருக்கிறான். பக்கத்திலேயே பெயர் எழுதியிருக்கிறது, கிரேக்க எழுத்தில். கட்டினது ரோம ஆட்சியில். உடனே ஒரு கட்சி, "பாருங்கள், எழுத்து கிரேக்கம், கதை கிரேக்கம், கலை கிரேக்கம்தான்" என்கிறது. இன்னொரு கட்சி, "ரோமின் சாலையும் பாதுகாப்பும் பணமும் இல்லாவிட்டால் எந்த வியாபாரி இப்படி வீடு கட்டியிருப்பான்?" என்கிறது. மூன்றாவது கட்சி துருக்கி. "எங்கள் மண்ணில் கிடைத்தது, எங்களுடையது" என்கிறது. மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று நழுவப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு கட்சி உண்டு. அதில் ஒரே ஓர் ஆள்தான் உறுப்பினர்: ஸோஸிமோஸ்.

ஸூக்மாவில் கிடைத்த ஒரு தரையில் தன் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டுப் போயிருக்கிறான் இந்தத் தொழிலாளி. ஸமோஸதாக்காரன். அதே யூப்ரடீஸ் ஆற்றில் இன்னும் மேலே இருந்த ஊர். கிரேக்கப் பெயர், கிரேக்க எழுத்து, ரோமக் குடையின்கீழ் கூலி. அவனைக் கூப்பிட்டு, "தம்பி, நீ கிரேக்கனா ரோமனா?" என்று கேட்டிருந்தால், "சாமி, நான் ஸமோஸதாக்காரன். பாக்கிப் பணம் எப்ப தருவீங்க?" என்று கேட்டிருப்பான் என்பது என் நம்பிக்கை. இதில் ஒரு கொடுமை, அவன் சொந்த ஊரும் இப்போது இல்லை. இன்னொரு அணைக்கட்டில் மூழ்கிவிட்டது.

நான் சரித்திரம் படித்தவன் இல்லை, கணக்கு படித்தவன். எங்கள் படிப்பில் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது, ஒரு பரிவர்த்தனை என்றால் அதை இரண்டு பக்கத்திலும் எழுத வேண்டும். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது கணக்கு இல்லை, கதை. கிரேக்கமா ரோமா என்று சண்டை போடுகிற பெரியவர்கள் பலபேர் ஒரு பக்கம் மட்டும் எழுதுகிறார்கள்.

இரண்டு பக்கமும் எழுதிய ஒரு கணக்கு இருக்கிறது, தெரியுமா? வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் தாள். 1985-ல் படித்து வெளியிட்டார்கள். கி.பி. 2-ம் நூற்றாண்டு. நம் சேரநாட்டு முசிறித் துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிப்போன 'ஹெர்மாபொல்லான்' என்ற கப்பலின் கணக்கு ஒரு பக்கம். கடன் ஒப்பந்தம் மறுபக்கம். யானைத் தந்தம் இவ்வளவு, கங்கைக் கரை வாசனைச் சரக்கு இவ்வளவு என்று எழுதி, மொத்த மதிப்பு கிட்டத்தட்ட 70 லட்சம் செஸ்டர்ஸ் ரோமப் பணம் வருகிறது. அதற்கு அரசாங்கத்துக்கு 25 சதவிகிதம் வரி. ஜி.எஸ்.டி.யைப் பற்றிப் புலம்புகிறவர்கள் கவனிக்க. எழுதின மொழி கிரேக்கம். வரி போவது ரோமுக்கு. எழுதின இடம் எகிப்து. சரக்கு நம்முடையது. இந்த ஒரு தாளை 'கிரேக்கம்' என்று ஒரு பெட்டியில் போடுவீர்களா, 'ரோம்' என்று போடுவீர்களா?

'யவனர்' என்று இவர்கள் எல்லாரையும் சேர்த்து ஒரே பெயரில் கூப்பிட்ட நம் ஆட்கள்தான் கெட்டிக்காரர்கள் என்று தோன்றுகிறது. தங்கம் கொடுத்து மிளகு ஏற்றிப்போன யவனர் மரக்கலத்தைப் பற்றி அகநானூற்றிலேயே பாட்டு உண்டு. பாடின புலவர் கிரேக்கனா ரோமனா என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

"இதெல்லாம் சரி, பாப்பாரப்பட்டிக்கும் இதுக்கும் என்னடா?" என்றான் நண்பன். இருக்கிறது. இந்தத் தருமபுரிதான் பழைய தகடூர், அதியமான் ஊர். அசோகன் தன் கல்வெட்டில், மனுஷனுக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்ததாகச் சொல்லி, எங்கெங்கே என்று ஒரு பட்டியல் தருகிறான். சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி, யவன அரசன் அந்தியோக்கன். இந்த 'சத்தியபுத்திரர்' யார் என்று ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1981-ல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. அதில் 'சதியபுதோ' என்ற பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர். சத்தியபுத்திரர் அதியமான் வம்சம்தான் என்று ஆனது. அந்தியோக்கன் யார்? ஸூக்மாவை ஆரம்பித்த செலூக்கஸின் பேரன். ஆக, ஸூக்மாக்காரர்களும் நண்பனின் ஊர்க்காரர்களும் ஒரே பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதுக்காக டைல்ஸ் போடக் கூடாதா?" என்றான். கணக்குப் படித்தவன் அல்லவா!

இந்த மாதிரிப் பழைய தரை எதுவும் நமக்கு இல்லை. ஆனால், அதே பஞ்சாயத்து நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில், அரியாங்குப்பம் ஆற்றோரம் அரிக்கமேடு. 1937-ல் அங்கே ஒரு சின்னக் கல் கிடைத்தது. ரோமப் பேரரசன் அகஸ்டஸ் தலை அதில் செதுக்கியிருக்கிறது என்றார் பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ரேய். 1945-ல் மார்டிமர் வீலர் வந்து தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ச் சிவப்புப் பாண்டமும் ஒயின் ஜாடி உடைசல்களும் கிடைத்தன. 'இந்திய-ரோம வணிக நிலையம்' என்று அறிக்கைக்குத் தலைப்புக் கொடுத்தார். பிறகு 1954-ல் ஒரு புத்தகமே எழுதினார். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'பேரரசு எல்லைக்கு அப்பால் ரோம்'.

வீலர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த அரெஸ்ஸோ பாண்டம் எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்று இத்தாலியில் துல்லியமாகத் தெரியும். அதை ஆணியாக அடித்து, தென்னிந்தியப் பானை ஓடுகளுக்கு அவர் காலக்கணக்கு மாட்டினார். அதுவரை நம் ஓடுகளுக்குத் தேதியே கிடையாது. சின்ன வேலை இல்லை அது. ஆனால், அந்தத் தலைப்பைப் பாருங்கள். ரோம்தான் வீடு, நாம் கொல்லைப்புறம். மொத்தப் புத்தகத்தின் பார்வையும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான். அதனால் என்ன ஆச்சு? உள்ளே சக்கரம் சக்கரமாகக் கோடு போட்ட வழவழப்பான தட்டுகள் நிறையக் கிடைத்தன. அவற்றையும் கப்பலில் வந்த சரக்கு என்றே எழுதினார். பிறகு மண்ணைச் சோதித்துப் பார்த்தால், இந்திய மண்! 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு மறுபடி தோண்டி, யவனர் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஆட்கள் குடியிருந்திருக்கிறார்கள், தொழில் நடந்திருக்கிறது என்று காட்டியது. கண்ணாடி மணியும் கல் மணியும் செய்த ஊர் அது. கப்பல் வந்ததால் ஊர் உண்டாகவில்லை. ஊர் இருந்ததால் கப்பல் வந்தது. எந்த மளிகைக்கடைக்காரருக்கும் தெரிந்த விஷயம்.

நம் பக்கத்துப் பிழையையும் சொல்லிவிடுகிறேன். இது தெரிந்தவுடன் நம்மில் சிலபேர் மறுகோடிக்கு ஓடினார்கள். 'ரோமாவது கீமாவது, எல்லாம் தமிழன்' என்று. ஒயின் ஜாடியை என்ன செய்வது? அதையும் தமிழன் செய்தான் என்பதா? வீலர் செய்ததும் இதுவும் ஒரே தப்பு. ஒரு பக்கக் கணக்கு. வீலர் வரவை மட்டும் எழுதினார், இவர்கள் பற்றை மட்டும் எழுதுகிறார்கள்.

இது வெறும் வாய்ச்சண்டை என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். எதன்மேல் எந்தப் பெயர்ப்பலகை மாட்டுகிறோமோ, அதை வைத்துத்தான் எதைக் காப்பாற்றுவது என்று முடிவாகிறது. ஸூக்மாவில் 'ஜிப்ஸி பெண்' என்று ஒரு முகம். அகலக் கண், எந்தப் பக்கம் போனாலும் உங்களையே பார்ப்பாள். அவள் யார் என்று யாருக்கும் தெரியாது, பெயர் நம் காலத்தில் வைத்தது. 1960-களில் திருடர்கள் அந்தத் தரையின் ஓரங்களைப் பெயர்த்து விற்க, அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று 1965-ல் 12 துண்டுகளை வாங்கியது. 'அந்தியோக்கியாவில் கிடைத்தது' என்று சொல்லி விற்றிருந்தார்கள். சுமார் ஐம்பது வருஷம் அந்தத் தப்பான பெயரோடுதான் இருந்தன. ஆராய்ச்சி பண்ணி, ஊர் ஸூக்மா என்று தெரிந்த பிறகு, 2018-ல் துருக்கிக்குத் திரும்பின. விலாசம் தப்பாக எழுதின கவர் மாதிரி.

காப்பாற்றுவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. அந்தக் காலத்தில் மொசைக்கைப் பெயர்த்து எடுத்தால், பின்பக்கம் இரும்புக் கம்பி வைத்து சிமென்ட் கான்கிரீட் போட்டு இறுக்கிவிடுவார்கள். பலமாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். கம்பி துருப்பிடித்து வீங்கும், சிமென்ட்டிலிருந்து உப்புக் கசியும், படம் உள்ளிருந்தே வெடிக்கும். இப்போது அந்த கான்கிரீட்டைச் செதுக்கி எடுப்பதே நிபுணர்களுக்குத் தனி வேலை. சுண்ணாம்புக் காரைக்குத் திரும்பிவிட்டார்கள், பின்னால் தேன்கூடு மாதிரி லேசான அலுமினியப் பலகை வைக்கிறார்கள். தாத்தா காலத்துக் கொத்தனார்கள் சிரிப்பார்கள்.

இன்னொரு பாவம், அழகுபடுத்துவது. 2015-ல் துருக்கியின் ஹதாய் மியூஸியத்தில் சில மொசைக் முகங்கள் பழுதுபார்த்த பிறகு கார்ட்டூன் மாதிரி ஆகிவிட்டன என்று உள்ளூர் கலைஞர் ஒருவர் புகார் சொல்ல, உலகம் முழுக்கச் செய்தி ஆனது. விசாரணை வந்தது. நமக்கு இது புதுசா? கருங்கல் தூணில் பெயின்ட் அடித்தும், மணலைப் பீய்ச்சிச் சுரண்டியும் 'திருப்பணி' செய்த கோயில்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நானும் பார்த்திருக்கிறேன்.

அரிக்கமேட்டில் குழிகளை மூடிவிட்டார்கள். வெயிலிலும் மழையிலும் திறந்து போடுவதைவிட அது நல்லது என்பேன். ஆனால், போகிறவர்களுக்கு மரங்களும் மேடும்தான் தெரியும். ஒரு இடிந்த சுவர் உண்டு. முதல் தடவை போனபோது அதை ரோமானியச் சுவர் என்று நினைத்து பக்தியோடு தொட்டுப் பார்த்தேன். 18-ம் நூற்றாண்டு கிறிஸ்தவ மிஷன் கட்டடமாம். பக்கத்திலேயே ஆறு கரையை அரித்துக்கொண்டிருந்தது. யவனனா தமிழனா என்று ஆறு கேட்பதில்லை.

சரி, பாப்பாரப்பட்டிக்கு வருவோம். மேஸ்திரி வந்தார். உட்கார்ந்து, கையிலிருந்த கட்டையால் தரையை இடம் இடமாகத் தட்டிக் காது கொடுத்தார். எங்கே உள்ளே பொள்ளலாக இருக்கிறதோ அங்கே சத்தம் மாறும். இத்தாலி நிபுணர்களும் இரண்டாயிரம் வருஷத் தரையை இப்படித்தான் தட்டிப் பார்க்கிறார்கள் என்று சொன்னேன். "அப்படியா சார்?" என்றார், பெரிதாக ஆச்சரியப்படாமல். முக்கால்வாசித் தரை கெட்டியாகத்தான் இருக்கிறது, அடுப்படிப் பக்கம் மட்டும் போய்விட்டது என்றார்.

இந்தத் தரை யாருடையது என்று யோசித்துப் பார்த்தேன். சில்லை சிமென்ட்டில் கலந்து தேய்க்கிற வித்தை வெனிஸ் பக்கத்தது. அங்கே மார்பிள் வேலையில் மிஞ்சின கழிவை வீணாக்காமல் கண்டுபிடித்தது. செய்தவர் சேலத்துக்காரர். காசு கொடுத்தவர் பாப்பாரப்பட்டிக்காரர். பூ யாருடைய யோசனை என்று அம்மாவிடம் கேட்டேன்.

"நான்தான் தம்பி. கோலத்துல போடற பூ. சாக்பீஸ்ல தரையில வரைஞ்சு காட்டினேன். அந்த மனுஷன் அப்படியே போட்டுக் குடுத்தாரு."

நண்பன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பூவின் மேல் நடந்தவன், அவனுக்கே இது புதுச் செய்தி.

கடைசியில் ஹால் தப்பியது, அடுப்படிக்கு டைல்ஸ் என்று முடிவு. வாசல் ஒட்டை எடுத்துவிட்டுப் புது ஒட்டுப் போட வேண்டும். அதே பச்சைச் சில்லு கிடைக்காது என்றார் மேஸ்திரி. எனக்கு மியூஸியம் ஞாபகம். பழசு மாதிரி ஏமாற்ற வேண்டாம், நிறம் ஒத்துப்போகட்டும், ஆனால் இது பிறகு போட்டது என்று கிட்டே வந்து பார்த்தால் தெரியட்டும் என்றேன்.

"ஒட்டு தெரியற மாதிரி ஒட்டுப் போடச் சொன்ன முதல் ஆள் நீங்கதான் சார்" என்றார்.

அம்மாவுக்கும் பிடிக்கவில்லை. "வர்றவங்க பாத்தா என்ன நெனைப்பாங்க?" என்றார். நண்பன் என் கட்சிக்கு வந்துவிட்டான், அது ஓர் ஆச்சரியம். ஒட்டு விவகாரம் இன்னும் முடியவில்லை, போனில் நடந்துகொண்டிருக்கிறது.

நான் கிளம்பும்போது அம்மா ஒரு ஈரத்துணியால் அந்தப் பூவை மட்டும் துடைத்தார். மங்கிக் கிடந்த பச்சை சட்டென்று எழுந்தது. பழைய மொசைக்கை இப்படி நனைக்கக் கூடாது, உப்புப் பூக்கும் என்று நிபுணர்கள் சொல்வது ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.